பின்பக்கம் வெட்டிய ஜீன்ஸ்

துணிக்கடையின் மாடிப்படியில் ஏற ஏற, துஷாந்தின் இரண்டு தொடைகளையும் உள்ளேயிருந்து யாரோ முறுக்கிப் பிழிவதுபோல் வலித்தது. காலையில் ரக்பிப் பயிற்சியில் விசில் ஊதும்போதெல்லாம் கோட்டிலிருந்து கோடுவரை பாய்ந்து, நெஞ்சடிக்கத் தரையில் விழுந்து, எழுந்து நடந்து திரும்ப வேண்டியிருந்தது. மூச்சு அடங்குவதற்குள் அடுத்த விசில். அது முடிந்ததும் நேரே கண்டிச் சந்தைக்குப் போய் லொறியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை இறக்கினான். அங்கே குந்தி எழும்பும்போதுதான் இருந்த ஒரே ஜீன்ஸ் கவட்டில் கிழிந்தது. மனைவி முன்பே ஒட்டுப்போட்ட இடம். இனி அதில் தையல் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை கொழும்பில் ரக்பி ஆட்டம். அணி பஸ்ஸில் வருகிறவர்கள் நீல ஜீன்ஸும் கிளப் சட்டையும் போட்டிருக்க வேண்டும் என்பது மெனேஜரின் கட்டளை. போன தடவை பழைய களிசானோடு வந்தவனை பஸ்ஸில் ஏற்றாமல் திருப்பி அனுப்பினார். அவனுடைய இடமும் போயிற்று, ஆட்டக் காசும் போயிற்று. துஷாந்தின் வீட்டு வாடகையே அந்தக் காசுதான்.

துணைக்கு வந்திருந்த நபீல் அதே அணிக்காரன், மடவளைப் பொடியன். உடுப்புப் போட்டுப் பார்க்கும் ஃபிட்ஒன் அறைக்கு வெளியே நின்று ஒவ்வொரு ஜீன்ஸாக நீட்டினான். இடுப்புக்குச் சரியானது பாதித் தொடையில் நின்றது. தொடையில் ஏறியது இடுப்பில் சாக்குப்போல் தொங்கியது.

"ஒன்ட தொடைக்கி சாரம் கட்டுறதுதான் மச்சான் சரி" என்றான் நபீல். "மெனேஜருக்கும் ஒண்டு வாங்கிக் குடுப்பம்."

இழுபடும் துணியில் தைத்த ஒன்று மட்டும் இரண்டு இடத்திலும் பொருந்தியது. அதன் விலை ஒரு கிழமைக் கூலி.

கடை வாசலில் மாடியுயரத்துக்குத் துஷாந்தின் விளம்பரப் படம் தொங்கியது. கையில் பந்து, காலில் கச்சிதமான ஜீன்ஸ், கீழே 'எந்த உடம்புக்கும் அளவாக' என்று பெரிய எழுத்து. படம் எடுத்த அன்று அந்த ஜீன்ஸ் ஏறவில்லை. கடைத் தையல்காரி பிரேமிளா பின்பக்கத்தை இடுப்பிலிருந்து கீழே வெட்டிவிட்டு, துணி காயப்போடும் கிளிப்பால் பிடித்துவைத்தாள். அவன் அளவில் ஒரு ஜீன்ஸ் தருவதாகக் கடை முதலாளி இராமநாதன் எல்லோர் முன்னாலும் சொன்னார். கிளப்புக்குப் பணம் கொடுக்கிறவரும் அவர்தான்.

துஷாந்த் கல்லாவுக்குப் போய் அதைக் கேட்டான்.

"ஒனக்காக வெட்டினதுல எனக்கு ஒரு ஜீன்ஸ் நட்டம் தம்பி" என்றார் முதலாளி. "நாங்கதானே கிளப்புக்குக் குடுக்கிறோம். ஒனக்குத் தனியா வேற குடுக்கணுமா?"

துஷாந்த் பிரேமிளாவிடம் போனான். வெட்டிய ஜீன்ஸ் அவள் மெஷினுக்கு அடியில் கிடந்தது. அதை வாங்கிப் போட்டுக்கொண்டு கடை நடுவில் வந்து நின்றான். முன்னாலிருந்து பார்க்க, வாசல் படமே இறங்கி வந்ததுபோல் இருந்தது. ஒரு பெண் தன் மகனிடம் அவனைக் காட்டிச் சிரித்தாள். துஷாந்த் மெதுவாகத் திரும்பினான். பின்பக்கம் பிளந்து உள்ளாடை தெரிந்தது. அவள் பையனின் கண்ணைப் பொத்தினாள்.

"முன்பக்கம் வாசல்ல பார்த்தீங்க" என்றான். "இது பின்பக்கம். நல்லா பார்த்துட்டு வாங்குங்க."

பிரேமிளா ஒரு நீலத் துண்டை எடுத்தாள். "கழட்டிக் குடு தம்பி, இத வச்சி தச்சித் தாறேன்."

முதலாளி வந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார். "கடை நூலு, கடை கரண்டு."

"படத்துல இருக்கிற காலு யாருது முதலாளி?" என்றான் துஷாந்த்.

அவர் போனை எடுத்துக் கிளப் மெனேஜரைக் கூப்பிட்டார்.

ஞாயிறு காலை துஷாந்த் கிழிந்த ஜீன்ஸோடு பஸ்ஸடியில் நின்றான். நபீல் கொண்டுவந்த இன்னொரு ஜீன்ஸ் முழங்காலைத் தாண்டவில்லை. மெனேஜர் அவனுடைய கவட்டைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. நபீல் ஏதோ சொல்லி மறிக்கப் போனான். துஷாந்த் ஏறாமலே பஸ் கதவு மூடியது.

சந்தைக்குப் போகிற வழியில் பஸ் அவனைத் தாண்டிப் போயிற்று. அதன் பக்கத்திலும் அதே படத்தை ஒட்டியிருந்தார்கள், கொழும்புக்காரர் பார்க்கட்டும் என்று. சந்தையில் துஷாந்த் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு முதல் மூட்டைக்குக் குந்தினான். கிழிசல் முழங்கால்வரை போயிற்று.

கடை அவனுக்கு இன்னும் ஒரு ஜீன்ஸ் பாக்கி.