பின்சீட் இல்லாத சைக்கிள்

1

இந்தக் கதை ஒரு முதுகிலிருந்து தொடங்கியது. நான்கு வருடம் எலூபியின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போனேன். எங்கள் ஊர் ஸோம்பாவில் கேரியரில் ஆளை ஏற்றிக் கூலிக்கு ஓட்டும் கபாசாக்காரர்கள் நூறு பேர் இருந்தால், அதில் பெண் அவள் ஒருத்திதான். எந்த மேட்டில் அவள் சட்டை நனைய ஆரம்பிக்கும் என்றுகூட எனக்குத் தெரியும். ஆனால் ஓட்டும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கதாநாயகியின் முகம் தெரியாமல் கதை எழுத உட்கார்ந்தவன் நான்.

முதல் தொடக்கம்: "மலை அவளை அழைத்தது."

(அடித்துவிட்டேன். மலை யாரையும் அழைக்கவில்லை. அழைத்தது, தபாலாபீஸ் சுவரில் ஒட்டியிருந்த ஒரு நோட்டீஸ்.)

மலைமேல் இருக்கும் விடுதிக்கு, சைக்கிளில் சுற்ற வரும் விருந்தாளிகளுக்கு வழிகாட்ட ஆள் தேவை. உச்சியிலிருந்து அடிவாரம்வரை காட்டுப்பாதையில் பந்தயம். முதலில் வருபவருக்கு வேலை, மாதச் சம்பளம். மலைச் சைக்கிள் சொந்தமாக இருக்க வேண்டும்.

எலூபி அதுவரை ஓட்டியது வாடகைச் சைக்கிள்; அவளிடம் இரண்டு வருடச் சேமிப்பு இருந்தது. அது ஒரே ஒரு சைக்கிளுக்குத்தான் வரும். தப்பானதை வாங்கிவிட்டால் அதோடு சரி.

2

கடைக்கு நானும் கூடப் போனேன். கடைக்காரர் கச்சிங்வே இரண்டை எடுத்து நிறுத்தினார். ஒன்று புத்தம்புதுச் சிவப்பு; முன்னும் பின்னும் ஸ்பிரிங், இருபத்தோரு கியர், கேரியர் இலவசம். மற்றது கப்பலில் வந்த பழையது. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கீறல், ஸ்பிரிங் முன்னால் மட்டும், கேரியர் மாட்ட ஒரு ஓட்டைகூடக் கிடையாது. இரண்டுக்கும் ஒரே விலை.

"பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே என்று நான் அவளை எச்சரித்தபோது..."

(இந்த வரியை எலூபி படித்துவிட்டாள். "வாத்தியாரே, செவப்ப வாங்குன்னு சொன்னதே நீங்கதான?" என்று கேட்டாள். வரி பாதியில் அப்படியே நிற்கட்டும், எனக்குத் தண்டனையாக.)

ஆமாம், நான்தான் சொன்னேன். அதே விலைக்குப் புதுசு கிடைக்கும்போது எவனாவது பழசை வாங்குவானா என்று கேட்டேன். கேரியர் இருந்தால், வேலை கிடைக்காமல் போனாலும் பிழைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அந்தக் கேரியரில் யார் உட்காரப்போகிறார் என்பதை யோசிக்காமல் சொல்லவில்லை.*

* நானேதான்.

3

அவள் வாதாடவில்லை. கபாசாக்காரர்களுக்குத் தெரிந்த ஒரே பரீட்சை, ஆளை ஏற்றிப் பார்ப்பது. "ஏறுங்க வாத்தியாரே," என்றாள்.

சிவப்பில் ஏறினேன். பின் ஸ்பிரிங் 'டொக்' என்று அடியில் போய் இடித்தது. அவள் மிதிக்க மிதிக்க, சைக்கிள் முன்னால் போவதை விட்டு மேலும் கீழும் ஆடியது. கடைத்தெருச் சரிவில் பிரேக்கை முழுக்கப் பிடித்தும் நிற்கவில்லை. கடைசியில் செருப்புக் காலை டயரில் அழுத்தி நிறுத்தினாள். தெருவோரம் மந்தாசி என்கிற இனிப்பு போண்டா சுட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா எண்ணெய்ச் சட்டியோடு எழுந்தே விட்டாள். என் உடம்பின் கனம் ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது அன்று ஒரு நாள்தான்.

அடுத்து, சாம்பல் நிறச் சைக்கிளை அதே சரிவில் தனியாக ஓட்டினாள். பாதி வழியில் ஒரே விரலால் பிரேக்கைத் தொட்டாள். நின்றது.

"இதுக்குச் செருப்பு வேணாம்," என்று பணத்தை எடுத்தாள்.

சைக்கிள் நிறுத்தத்தில் வைசன், அவளோடு சேர்ந்து ஓட்டுகிறவன், அதைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏம்மா, ஆளு எங்க உக்காரும்?"

"உக்காராது."

"பின்ன எதுக்கு இது?"

"நான் போறதுக்கு."

நிறுத்தமே சிரித்தது. ஆளையோ மூட்டையையோ ஏற்றாத சைக்கிளை எங்கள் ஊரில் யாரும் சைக்கிளாகவே மதிப்பதில்லை. சிரித்தவர்களில் நானும் ஒருவன். அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

4

இங்கே எனக்கு ஒரு சிக்கல். இதுவரை எழுதியதெல்லாம் பின்சீட்டில் இருந்துகொண்டு பார்த்தது. இந்தச் சைக்கிளில் எனக்கு இடமே இல்லை. பிறகு பந்தயத்தை எப்படி எழுதுவேன்?

முடிவு அ: அவள் விழுந்து... (வேண்டாம். ஏழைப் பெண் விழுந்தால்தான் இலக்கியம் என்கிற வியாதி எனக்கும் கொஞ்சம் உண்டு.)

முடிவு ஆ: வைசனும் பந்தயத்தில் கலந்துகொண்டு, கடைசியில் மனமிரங்கி விட்டுக்கொடுக்கிறான். (இதைப் படித்தால் அவன் என்னை நடுவழியில் இறக்கிவிடுவான். இப்போது நான் போவது அவன் சைக்கிளில்.)

ஆகவே பார்த்ததை மட்டும் சொல்கிறேன். பந்தயத்தன்று காலை பைன் காட்டுக்குக் கீழே, பாதையின் கடைசி வளைவில் போய் நின்றேன். பதினான்கு பேர் ஓட்டினார்கள். பதின்மூன்று பேர் ஆண்கள்.

5

கல் சிதறும் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு மரங்களுக்கு நடுவிலிருந்து அவள் வந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. புடைத்து நின்ற வேர்மேல் சைக்கிள் எம்பியது, இறங்கியது, சரிவில் நேராக என்னைப் பார்த்து வந்தது. பிரேக்கில் ஒரு விரல்.

ஓட்டுகிற எலூபியின் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். வாயெல்லாம் பல், பல்லெல்லாம் புழுதி. சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த முதுகுக்கு முன்னால் இந்தச் சிரிப்பு எப்போதும் இருந்ததா, நான் இறங்கிய பிறகுதான் வந்ததா, தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"தள்ளுங்க வாத்தியாரே," என்று கத்திவிட்டு வளைவில் திரும்பி மறைந்தாள்.

எண்ண ஆரம்பித்தேன், நான் கணக்கு வாத்தியார். நாற்பது எண்ணிய பிறகுதான் இரண்டாவது ஆள் வந்தான். நாங்கள் விட்டுவிட்டு வந்த சிவப்புச் சைக்கிள். ஒரு கால் செருப்பு டயரில்.

எல்லைக்கோடு வளைவுக்கு அப்பால் இருக்கிறது. நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. கீழே கூட்டம் அவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறது. எல்லாரையும்விட உரக்கக் கத்துவது வைசன். முடிவு அவளோடு போய்விட்டது. அதன்பின்னால் ஏறிக்கொள்ள ஆசிரியனுக்கு இடமில்லை. உங்களுக்குக் கால் நன்றாக இருந்தால் ஓடிப்போய்ப் பாருங்கள்.

நான் நடந்து வருகிறேன்.