விசிறி திரும்பும் வரை

பத்தரை மணிக்குக் கைபேசியில் வீட்டுக் கேமராவைப் பார்த்தபோது அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பதினொன்றே காலுக்கும் தூங்கிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டரைக்கு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கழிப்பறைக்குப் போகிற சாக்கில் கைபேசியைத் திறந்தபோதும் அதே கட்டில், அதே பச்சைப் போர்வை, ஒருக்களித்த அதே தலை. இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறாளே என்று அவள் நிம்மதியாகத் தன் மேசைக்குத் திரும்பினாள். தைத்து வரும் சட்டைகளில் குறை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை. விட்டுப்போன ஒரு தையலைக் கை நீளத் தூரத்திலேயே பிடித்துவிடுவாள். காலரின் ஒரு முனை நூலிழை அளவு ஏறியிருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. பதினோரு வருடமாகத் தப்பியதில்லை.

அந்த மூன்று முறையும் கட்டிலருகே இருந்த மேசை விசிறி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. இடமும் வலமுமாக ஓயாமல் தலையைத் திருப்புகிற விசிறி அது. அவள் கவனிக்கவில்லை. ஒரு மணிக்குக் கணவன் போன் செய்து, "அம்மா கீழ விழுந்துட்டாங்க, சீக்கிரம் வா" என்றபோதுகூட அவள் வாயில் வந்தது, "இல்லையே, தூங்கிட்டுத்தானே இருக்காங்க?"

ஆஸ்பத்திரி நடையில், தள்ளுவண்டியில் படுத்திருந்த அத்தையின் ஈரப் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எதற்கென்று தெரியாமல் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அதில் அத்தை பச்சைப் போர்வைக்குள் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வண்டியில் ஓர் அத்தை, திரையில் ஓர் அத்தை. அப்போதுதான் அவளுக்கு விசிறி உறைத்தது. அதற்குப் பின்னால், காலையில் வந்த செய்தியும்.

ஒன்பதே முக்காலுக்குக் கணவன் ஒரு படம் அனுப்பியிருந்தான். 'நாப்பது பேர் வந்துட்டாங்க!' என்று எழுதியிருந்தான். அவளும் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் பொம்மையை அனுப்பிவைத்தாள்.

வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்து அவன் ஆறு மாதமாக வீட்டில் இருந்தான். மூன்று வாரத்துக்கு முன்பு டிபன் பெட்டி அளவில் ஒரு கணினியையும் ஒரு ஹார்ட் டிஸ்கையும் வாங்கி வந்து கூடத்து மேசையில் வைத்து, 'நோடு' என்றான். கிரிப்டோ காசு என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதில் முதல் நாளிலிருந்து உலகத்தில் யார் யாருக்கு என்ன அனுப்பினார்களோ அத்தனையையும் இந்தப் பெட்டி இறக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சரிபார்க்கும் என்றான்.

"இதுல காசு வருமா?"

"காசுக்காக இல்ல. இது கொள்கை. யாரையும் நம்ப வேண்டாம், நாமளே சரிபார்த்துக்கலாம். அதான் இதுல அழகே."

"அப்ப காசு வராது, கரண்டு மட்டும் போகும்."

"உனக்குச் சொன்னாப் புரியாது."

பதினெட்டு நாள் அது இரவும் பகலும் சரிபார்த்தது. முடிந்த மறுநாள் காலை, அவள் வேலைக்குக் கிளம்பிய பிறகு, வெளியாட்கள் அந்தப் பெட்டிக்கு வந்துபோக ரவுட்டரில் வழியைத் திறந்துவிட்டான். யார் யாரோ நாற்பது பேர், எந்தெந்த ஊரிலிருந்தோ, வந்து கேட்டதையெல்லாம் அது வாரிக் கொடுத்தது. வீட்டு இணையத்தில் வெளியே போகிற வழி இருப்பது ஒன்றே ஒன்று. அது அடைத்துக்கொண்டது. அத்தை அறைக் கேமராவின் படம் வெளியே போக முடியாமல் முட்டிக்கொண்டு நிற்க, கைபேசி கடைசியாக வந்த படத்தையே வெட்கமில்லாமல் காட்டிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் அவன் சொல்லித் தெரிந்ததல்ல. "என்ன பண்ணீங்க காலைல?" என்று அவள் ஆஸ்பத்திரியில் நாலு தரம் கேட்டு, நாலாவது தரம்தான் தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கக்கினான். காதில் ஹெட்போன் போட்டிருந்ததையும் அப்போதுதான் சொன்னான். அவனுக்கும் அவன் அம்மாவுக்கும் நடுவில் இருந்தது ஒரு சுவர். கதவுகூடத் திறந்துதான் இருந்தது.

வலது தோள்பட்டை எலும்பில் விரிசல். கட்டுப் போட்டு மாலையே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைவதற்குள் நாத்தனாரின் போன்.

"ஏன் அண்ணி, நீங்கதான் போன்ல பாத்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுவீங்களே? ரெண்டு மணி நேரம் அம்மா தரையில கெடந்திருக்காங்க. அப்படி என்ன வேலை உங்களுக்கு?"

அவள் கணவனைப் பார்த்தாள். ஒலிபெருக்கியில்தான் போட்டிருந்தாள். அவன் மாத்திரைச் சீட்டை விளக்கு வெளிச்சத்தில் ஆராய்ந்தான்.

"உங்க அண்ணன் வீட்டுலதான் இருந்தாரு" என்றாள்.

"அண்ணனுக்கு என்ன தெரியும் பாவம்? ஆம்பளை."

அவள் போனை வைத்தாள். கேமரா வாங்கியது அவள். சுவரில் ஆணி அடித்தது அவள். வேலையையும் விடாமல் அத்தையையும் விடாமல் இருக்க, ஆளில்லாத இடத்தில் தன் கண்ணையே பிடுங்கி மாட்டிவிட்டுப் போனது போலத்தான் அதை மாட்டினாள். கண்ணை மாட்டியவள் என்பதால் குருடானதும் அவள் கணக்கில்தான். பக்கத்து அறையில் இரண்டு காதோடு உட்கார்ந்திருந்தவன் பாவம்.

அதையும் விழுங்கியிருப்பாள். ஆனால் போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது அத்தை அவள் கையைப் பிடித்தாள். வலப்பக்கம் செயலிழந்து இரண்டு வருடமாகிறது. குரல் எழும்பாது, சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"அவனக் கூப்பிட்டேன். காதுல விழல. அப்புறம்..." இடது கையை உயர்த்திச் சுவரில் இருந்த கேமராவைக் காட்டினாள். "ஒன்னப் பாத்துக் கைய ஆட்டினேன். ஆட்டிக்கிட்டே இருந்தேன். நீ வருவேன்னு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பாத்தியா?"

பழி சொல்கிற குரலில்லை அது. பார்த்தாயா, இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரமும் மருமகள் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாளா என்பது அந்தக் கேள்விக்குள் கிடந்தது. பதில் கணவனிடம் இருந்தது. அவன் வாயிலிருந்துதான் அது வர வேண்டும்; அவள் சொன்னால் சாக்குப்போக்காகிவிடும்.

"சொல்லுங்க" என்றாள், வாசற்படியில் நின்ற அவனிடம்.

"கேமரா கொஞ்சம் மக்கர் பண்ணிருச்சும்மா."

"கேமராவா?"

"நெட்டு ஸ்லோவா இருந்துச்சு. விடேன். நோடுக்கு அளவு வச்சுட்டேன் இப்ப, இதுக்கு மேல போகக் கூடாதுன்னு. ரெண்டு நிமிஷ வேலைதான்."

"ரெண்டு நிமிஷ வேலை."

"ஆமா."

"அதைக் காலைல செஞ்சிருக்கலாமே. நாப்பது பேரு வந்துட்டாங்கன்னு எனக்குப் படம் அனுப்பின நேரத்துல?"

அத்தை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கூடத்து மேசையைத் தனியாக இழுத்தாள். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டதில் பல் கூசியது. அவன் பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்தான்.

"ஏய், நோடு ஓடிட்டிருக்கு! ஒயர் பிடுங்கிக்கும்!"

"ஓடட்டும். நீங்களும் பிடிங்க."

"எங்க கொண்டுபோற?"

"உங்கம்மா ரூமுக்கு. ரவுட்டரும் அங்கதான், நாற்காலியும் அங்கதான். உலகத்தையெல்லாம் அங்க உக்காந்து சரிபாருங்க. நான் மூணு நாள் லீவு. நாலாம் நாள் போயிருவேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"இன்னும் இல்ல."

கத்தவில்லை. கத்தினால் அழுதுவிடுவாள், அழுதால் அவன் அவளைச் சமாதானப்படுத்திவிட்டு மேசையைத் திரும்பக் கூடத்துக்கு இழுத்துவிடுவான். அழுகையைத் தடுக்கத்தான் கோபத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றட்டும் என்று மேசையை இன்னொரு இழு இழுத்தாள்.

கட்டிலுக்கு இரண்டடியில், சுவரைப் பார்த்துப் போட்டார்கள். பெட்டியில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. அத்தை வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இது எப்பத் தூங்கும்?"

"தூங்கவே தூங்காது அத்தை."

"அப்ப இதுவே என்னப் பாத்துக்கட்டும்" என்றாள் அத்தை, மகன் முதுகைப் பார்த்து. முதுகு அசையவில்லை.

நாலாம் நாள் பத்தரைக்கு, மேசையில் பாதி பார்த்த சட்டை கிடக்க, கைபேசியைத் திறந்தாள். கட்டில் தெரிந்தது. பச்சைப் போர்வை தெரிந்தது. நாற்காலியில் அவன் முதுகு. எதுவும் அசையவில்லை. அவள் வேறெதையும் பார்க்காமல் விசிறியை மட்டும் பார்த்தாள். ஜன்னல் பக்கம் இருந்தது. திரும்பு என்று பல்லைக் கடித்தாள். பின்னாலிருந்து மேற்பார்வையாளர், "என்னம்மா, சட்டைக் கட்டு அப்படியே கெடக்கு?" என்றார். "ஒரு நிமிஷம் சார்." விசிறி ஜன்னலைவிட்டு மெல்ல நகர்ந்தது. கட்டிலைக் கடந்தது. சுவர்ப் பக்கம் வந்து, நின்று, திரும்பியது. படம் உயிரோடுதான் இருந்தது.

அப்போதுதான் அவன் தலைக்கு மேலே வளைந்திருந்த கறுப்புப் பட்டையைப் பார்த்தாள். இரண்டு காதும் மூடியிருந்தன.

அவன் முதுகுக்கு இரண்டடி பின்னால், போர்வைக்குள்ளிருந்து அத்தையின் இடது கை வெளியே வந்தது. அவன் பக்கம் நீளவில்லை. நேராக, அவளைப் பார்த்து, மெல்ல உயர்ந்தது.