ட்ரில் வாங்கும் வரை

குளியலறைக்குள்ளிருந்து முதலில் தண்ணீர்ச் சத்தம் வந்தது. பிறகு அப்பாவின் குரல் வந்தது.

"யாரும் கதவைத் தட்டாதீங்க. சுவரோட பேச்சுவார்த்தை நடந்துட்டிருக்கு."

பேச்சுவார்த்தை முடிந்து, சுவரைத் தடவித் தடவி வெளியே வந்தார்.

அந்தச் சுவரில் பொருத்த வேண்டிய ஸ்டீல் கைப்பிடியை மருமகள் எப்போதோ வாங்கிவிட்டாள். அது உறை பிரிக்கப்படாமல் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. மாட்டத் துளை வேண்டும். துளைக்கு ட்ரில் வேண்டும். ட்ரில் வாங்கும் பொறுப்பை மகன் ஏற்றுக்கொண்டான். அத்தோடு வேலை நின்றுபோனது.

வீட்டில் அவனுக்குப் பெயர் 'ஆராய்ச்சி'. வாளி வாங்கப் போனாலும் கடையிலுள்ள எல்லா வாளிகளையும் தட்டிப் பார்ப்பவன். பேட்டரியில் ஓடும் ட்ரில் என்றால் கேட்கவா வேண்டும்? சாப்பிடும்போதும் வீடியோ, படுக்கும்போதும் வீடியோ. வீட்டுக்குப் பன்னிரண்டு வோல்ட் போதும் என்றார் ஒருவர். கான்கிரீட்டில் அது திணறும் என்றார் இன்னொருவர். பதினெட்டு வோல்ட் தொழில் செய்பவர்களுக்கானது, பழகாத கைக்குக் கனம் என்றார் வேறொருவர். அவன் எல்லோரையும் நம்பினான்.

"ஏங்க, ஒரு ஆளைக் கூப்பிட்டு மாட்டிடலாமே?" என்றாள் மனைவி.

"அவன் அரைகுறையா மாட்டிட்டுப் போவான். அப்பா பிடிக்கிற பிடி. நாமளே செய்யணும்."

"அப்ப மாடியில அக்கா வீட்டுல கேளுங்க. அங்கதான் ட்ரில் இருக்கே."

அவன் முகம் சுண்டிப்போனது. மனைவியுடைய அக்காவின் கணவர், அதாவது அவனுடைய சகலை, ட்ரில் வாங்கிய அன்று மாடிப்படியிலேயே நிற்க வைத்து அதன் பெருமையைப் பாடியவர்.

"அவர்கிட்ட இரவல் கேக்கறதுக்கு நான் நகத்தாலயே துளை போட்டுடுவேன்."

"போடுங்க. நகம் வெட்டற வேலையாவது மிச்சம்."

கடைசியில் ஒரு விடுமுறை நாளில் ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது போலிருந்தது. ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி: ஒரு பேட்டரியா, இரண்டா? அவன் அதை யோசித்துக்கொண்டிருந்தபோது மனைவி ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"நேத்து காலையில மாமாவுக்கு ரொப்பி வச்சது. அப்படியே இருக்கு."

"தாகம் இருந்திருக்காது."

"தாகம் இருக்கு. குடிச்சா பாத்ரூம் போகணுமே, வழுக்கிடுமோன்னு பயம். அதான் குடிக்கறதில்ல. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. 'அவன் நிதானமா பாத்து வாங்கட்டும்மா, அவசரப்படுத்தாதே'ங்கறாரு."

அவன் கூடத்தை எட்டிப் பார்த்தான். அப்பா செய்தித்தாளில் ஏதோ படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. அதை அவன் இப்போதுதான் பார்க்கிறான்.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிப்படி ஏறினான்.

"வாங்க சகலை! ஆராய்ச்சி அறிக்கை எப்ப வெளியாகுது?"

"உங்க ட்ரில்லைக் கொஞ்சம் குடுங்க. அப்பாவுக்குக் கைப்பிடி மாட்டணும்."

சகலையின் சிரிப்பு சட்டென்று நின்றது. "அது வந்து... சார்ஜ் இருக்காதே."

"சார்ஜாவது!" அக்காவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "முதல்ல பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்க. வந்த நாள்லேருந்து ஷோகேஸ்ல பரிசுக் கோப்பை மாதிரி உக்காந்திருக்கு."

"கீறல் விழுந்துடும்ல?" என்றார் சகலை, மிகவும் மெல்லிய குரலில்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது.

பேட்டரி ஏறியதும் ட்ரில் கீழே இறங்கியது. குளியலறை வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு சகலையும் சேர்ந்து போடற துளை. பக்கத்து வீட்டுக்கு ஜன்னல் வச்சுடாதீங்க."

சகலை வீராவேசமாக ட்ரில்லின் வளையத்தை, இடித்துத் துளைக்கும் 'சுத்தியல்' படத்துக்குத் திருப்பினார். மனைவி கையேட்டோடு குறுக்கே வந்தாள். "டைல்ஸ் விரிசல் விட்டுடும். டைல்ஸ் தாண்டற வரைக்கும் மெதுவா, சுத்தியல் இல்லாம. அப்புறம் சுவர்ல போடுங்க உங்க வீரத்தை."

வேலை முடிந்தபோது, இதற்கா இத்தனை நாள் என்று தோன்றும்படி இருந்தது. அவன் கைப்பிடியில் தன் பாரம் முழுவதையும் போட்டுத் தொங்கிப் பார்த்தான். அசையவில்லை. அப்பா எழுந்து வந்து பிடித்தார். விட்டார். மறுபடி பிடித்தார்.

"கெட்டியா இருக்குடா," என்றார். பிறகு மருமகளைப் பார்த்து, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்றார்.

சொம்பை அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"அப்ப, நீங்க புது ட்ரில் வாங்கலையா?" சகலை மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம் சகலை. எந்த ட்ரில் நல்லதுன்னு பாத்துட்டே இருந்தேன், அப்பா வாய் வறண்டு கெடந்ததைப் பாக்கல. வயசானவங்க தங்களுக்கு வேணும்னு வாய் திறந்து கேக்க மாட்டாங்க. அவங்களுக்குச் செய்யறதை, சிறப்பா செய்யறேன்னு தள்ளிப்போடறதும் அவங்களைக் கவனிக்காம விடறதுதான். கைப்பிடி வாங்கின அன்னைக்கே, இரவல் வாங்கியாவது செஞ்சிருக்கணும்."