இடப்பக்கம் சுற்றும் கூடை

அழுகல் நாற்றம் கூடைக்காரிக்குப் பழகிப்போன ஒன்று. நார் ஊறும் பிளாஸ்டிக் தொட்டி ஓரத்திலேயே இருபது வருடம் உட்கார்ந்தவளுக்கு அது நாற்றமே இல்லை. ஆனால் அன்று காலை மூத்த மகன் அந்தத் தொட்டியைச் சுற்றி சென்ட் அடித்துவிட்டுப் போனான் பாருங்கள், அதுதான் குமட்டியது. துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் சேர்ந்து புளித்த கருப்புச் சாயத்தின் மேல் ரோஜாப்பூ வாசனை! சீ, கருமம்.

மூத்தவனுக்குத் தெருவில் சேர்மன் என்று பெயர். எந்தக் கூட்டத்துக்கும் அவன் தலைவன் இல்லை; வேலைவெட்டி இல்லாமல் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் திரிவதால் வந்த பட்டம். அவன், அவன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள், கல்யாணம் ஆகாத இரண்டு தம்பிகள், முதுகுவலி என்று பதினோரு வருடமாகச் சாய்வு நாற்காலியை விட்டு எழாத அப்பா, நாலு நாள் தங்க வந்து அப்படியே ஒட்டிக்கொண்ட சித்தப்பா. ஆக ஒன்பது வயிறு. கூடைகளை நல்ல விலைக்கு வாங்கும் நியாய வணிகச் சங்கம், கூடைக்காரி பெயரில் கொடுத்த கைவினைஞர் அட்டை ஒன்றை வைத்துத்தான் அந்த ஒன்பதும் நிறைந்தது.

ஆனால் கூடைக்காரியின் கை மட்டும் அவர்களுக்கு ஆகாது. சாயம் ஏறி விரல்களெல்லாம் கருப்பு. சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், எதற்கும் மசியவில்லை. "அத்தை, நீங்க பரிமாற வேணாம். பிள்ளைங்க மூஞ்சியைச் சுளிக்குது" என்று மருமகள் ஒருநாள் சொன்னாள். பிள்ளைகள் சுளிக்கவே இல்லை, சுளித்தது அவள். அன்றிலிருந்து கூடைக்காரியின் தட்டு தொட்டி ஓரத்துக்குப் போனது.

அன்று சங்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மேடம் வருகிற நாள். சங்கத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து, அட்டைக்குரியவர் தன் கையாலேயே பின்னுகிறாரா என்று பார்ப்பார்கள். வேறு கை என்று தெரிந்தால் அட்டை ரத்து. இந்த முறை கடையில் மாட்டுவதற்குப் போட்டோவும் எடுப்பார்களாம். அதில்தான் சேர்மனுக்கு மூளை வேலை செய்தது.

"இந்தக் கையோட நீ போட்டோவுல நின்னா நாளைக்குத் தம்பிக்கு யாரும்மா பொண்ணு குடுப்பா? உன் பேரைச் சொல்லி என் பொண்டாட்டியை உக்கார வச்சிடறேன். நீ பின்னாடியே இரு."

"அவளுக்கு ஒரு முடிச்சாவது போடத் தெரியுமாடா?"

"அதெல்லாம் சமாளிச்சுக்கலாம்" என்றவன், அவள் பாதி பின்னி வைத்திருந்த கூடை அடியையும் தூக்கிக்கொண்டு போனான்.

கூடைக்காரி கொல்லையில் சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். மேடம் வேனில் வந்தார். சங்கத்துக் கொட்டகையில் தங்கி வேலை செய்ய ரூம் இருக்கிறது என்றும் சொன்னார். மருமகள் பட்டுப்போல் பேசினாள். கொல்லையில் ஆள் இருப்பது தெரிந்ததும், "அது யாரு?" என்றார் மேடம்.

"வேலைக்காரிங்க" என்றான் சேர்மன். நாக்கு கொஞ்சமும் கூசவில்லை.

நாற்காலியில் இருந்த புருஷன் ஒரு இருமல் இருமினான். அவ்வளவுதான். கட்டினவனின் ரோஷம் ஒரு இருமலோடு முடிந்தது. கூடைக்காரிக்கு அழுகை வரவில்லை. சோற்றில் புழுவைப் பார்த்ததுபோல் உடம்பெல்லாம் கூசியது.

"சரி, இந்த அடியைத் தொடர்ந்து நாலு சுத்து போடுங்க" என்றார் மேடம்.

மருமகள் போட்டாள். நார் திமிறியது, முடிச்சு வெளியே துருத்தியது. "நார் காஞ்சு போச்சுங்க" என்றாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

மேடம் பையிலிருந்து ஒரு கூடையை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "எல்லாரும் வலப்பக்கமா சுத்துவாங்க. இந்த அட்டையில வர்றது மட்டும் இடப்பக்கம் சுத்தும். இடது கைக்காரங்க வேலை. நீங்க வலது கையால போடறீங்களே?"

மேடம் காகிதத்தைப் புரட்டினார். "ரத்துக்கு எழுதிக்கிறேன். வருத்தமா இருக்கு."

சேர்மன் பின்பக்கம் ஓடிவந்தான். முழி பிதுங்கியிருந்தது. "அம்மா, வாம்மா! நீதான் அவளுக்குக் கத்துக்குடுத்தே, எப்பவும் அவதான் பின்னுறான்னு சொல்லு. ஆனா வேலைக்காரியாவே இருந்துக்கோ. பொய்யின்னு தெரிஞ்சா என் மானம் போயிடும்."

பெற்றவளைப் பார்த்து, அப்போதும் அதையே கேட்டான். இவனையா பத்து மாதம் சுமந்தோம் என்று அவளுக்கு அருவருத்தது. பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள். மருமகள் மடியிலிருந்த அடியைப் பிடுங்கி, அவள் போட்ட நாலு சுற்றையும் பிரித்து எறிந்துவிட்டு, இடது கையால் ஆறு சுற்று போட்டாள். கண் நாரின் மேலேயே இல்லை. நேராகப் புருஷனைப் பார்த்துக்கொண்டே பின்னினாள். அவன் கூரையைப் பார்த்தான்.

மேடம் அடியைத் தடவிப் பார்த்து எழுதியதை அடித்தார். "அட்டை உங்களோடதுதான். அப்ப, வேலைக்காரின்னு சொன்னாரே?"

"அது பொய் இல்லீங்க. இத்தனை வருஷம் அப்படித்தான் இருந்தேன். இன்னைக்குத்தான் வேலையை விட்டேன்." அவள் காகிதத்தைத் தொட்டுக் காட்டினாள். "வேலை செய்யற இடம்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல உங்க சங்கத்துக் கொட்டகைன்னு எழுதுங்க. அங்க தங்க ரூம் இருக்குன்னு சொன்னீங்களே. இப்பவே உங்க வேன்லயே வந்துடறேன்."

நாற்காலி கிறீச்சிட்டது. பதினோரு வருடத்தில் முதல்முறையாக எழுந்து நின்றான் புருஷன். "அப்ப நாங்க?"

"பேரப்பிள்ளைங்க மூணு பேரையும் நான் பாத்துக்கறேன். மத்தவங்களுக்குப் பன்னெண்டு கை இருக்கு. ஒண்ணுலகூட ஒரு கறை இல்லை."

பிறகு மூத்தவன் பக்கம் திரும்பினாள். "என்னடா நிக்கிற? தொட்டியைத் தூக்கு."

மேடம் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. தம்பி ஒருபக்கம், இவன் ஒருபக்கம், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கினார்கள். வாசற்படி தாண்டும்போது தொட்டி சாய்ந்தது. கருப்புத் தண்ணீர் வெள்ளைச் சட்டை முழுக்க வழிந்து கைகளில் இறங்கியது. ஐயோ என்று தொட்டியை வேனில் போட்டுவிட்டு, நடுத்தெருவில் நின்று கையைத் தேய் தேய் என்று தேய்த்தான்.

கூடைக்காரி வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

"தேய்க்காதடா. அது போகாது" என்றாள்.