முக்கால் குடம்

எங்கள் வீட்டுக் கூரையில் பாதியைப் புயல் கொண்டுபோய்விட்டது. மிச்சப் பாதியின் மேல் தறப்பாளைப் போட்டுக் கட்டிவிட்டு ஈரப் பாயில் இருந்து தலை துவட்டிக்கொண்டிருந்தேன். மாதா கோயில் மணி அடித்தது. பூசைக்கு இல்லை, கூட்டத்துக்கு. இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டுக் கார்த்திகை மாதம் அது.

"எங்கட பாட்டை மாதா பாப்பா. தோட்டப் பக்கத்துச் சனத்தின்ர வீடுகளுக்குள்ள முழங்கால் அளவு சேறு. கிணறுகளும் பழுதாப் போச்சு. ஏலுமான ஆக்கள் எல்லாரும் நாளைக்குப் போய் உதவி செய்வம்," என்றார் சுவாமி.

எனக்கு வந்ததே ஆத்திரம். எங்கள் கரையில் வள்ளம் கவிழ்ந்து கிடக்கிறது, வலை பனையில் தொங்குகிறது, கடலுக்குப் போக நேவி விடவில்லை, அடுப்பு எரியவில்லை. இதற்குள் இன்னொருவர் வீட்டைக் கூட்ட விளக்குமாறு தூக்க வேண்டுமாம்! அதுவும் ஐயாத்துரையர் வீட்டை.

ஐயாத்துரையர் வளவுக்கும் எங்கள் கரைக்கும் நடுவில் ஒரு பனங்கூடல்தான். நாங்கள் கடற்தொழில் செய்கிற வேதக்காரர். அவர்கள் தோட்டக்காரர், சைவர். எங்கள் பக்கத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத்தான். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் அந்த வளவுக் கிணற்றுக்குத்தான் போக வேண்டும். போய் உடனே அள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வேலிப் படலைக்குள்ளே போய்க் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிற்க வேண்டும். ஐயாத்துரையரின் மனுசி அன்னபூரணம் அக்கா தன் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு ஆறுதலாக வருவார். துலாவைப் பணித்து ஒரு வாளி அள்ளுவார். வாளியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி அங்கிருந்து எங்கள் குடத்துக்குள் ஊற்றுவார். வாளி எங்கள் குடத்தில் முட்டிவிடக் கூடாது. ஒரு குடத்துக்கு ஒரு வாளி. அதிலும் கால்வாசி எங்கள் காலில்தான் விழும். நான் கலியாணம் முடித்து இந்தக் கரைக்கு வந்த நாளிலிருந்து வீட்டுக்குச் சுமந்தது முக்கால் குடம்தான். வயிற்றில் பிள்ளையோடு வெயிலில் காத்து நின்றும் முக்கால் குடம்தான்.

சண்டை வந்து தீவை விட்டு எல்லாரும் ஓடினபோது யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர்களும் நாங்களும் ஒன்றாகத்தான் கிடந்தோம். ஒரு குழாய், ஒரு வரிசை. அன்னபூரணம் அக்கா எனக்குப் பின்னால் நின்ற நாளும் உண்டு. நான் திறந்த குழாயைத்தான் அவரும் பிடித்தார், ஒன்றும் ஆகிவிடவில்லை. தொண்ணூற்றாறில் ஊர் திரும்பினோம். திரும்பிய கையோடு வாளி பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது.

அதனால் கோயிலுக்குள்ளேயே எழும்பிக் கேட்டேன். "சுவாமி, கிணறு இறைக்க நாங்கள் வாறம். ஆனா இறைச்ச பிறகு எங்கட தண்ணியை எங்கட கையாலதான் அள்ளுவம். இதை முதல் அவையிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ."

பாவம், சுவாமி சைக்கிளைச் சேற்றில் உருட்டிக்கொண்டு போய்க் கேட்டுவிட்டு வந்தார். "அதைப் பிறகு பாப்பம் எண்டு ஐயாத்துரை சொல்லுறார்."

"பிறகு எண்டால் எப்ப சுவாமி? அடுத்த புயலுக்கோ?"

 என் மனுசன் சவிரிமுத்துதான் என் கையைப் பிடித்து இழுத்தார். "விசர்க்கதை கதையாதையும். மண்கும்பானில இருந்து வாற தண்ணி பவுசரும் இப்ப வராது, கடலுக்கு மேலால வாற தாம்போதி றோட்டு உடைஞ்சு கிடக்கு. அந்தக் கிணறு பழுதாக் கிடந்தால் எங்களுக்கும்தானே தண்ணி இல்லை."

அதுவும் உண்மைதான். உண்மை என்பதற்காகக் கோபம் போய்விடுமா? கோபத்தோடுதான் போனேன்.

ஐயாத்துரையர் வளவைக் கண்டதும் எனக்கு வாய் அடைத்துப் போனது. பெரிய கல்வீடு. ஓடெல்லாம் முற்றத்தில் சில்லுச் சில்லாகக் கிடந்தது. வாழையில் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. குசினிக்குள் சேறு. அலுமாரி குப்புற விழுந்து, உள்ளே இருந்த கூறைச்சேலை வரைக்கும் சேற்று நிறம். அன்னபூரணம் அக்கா விறாந்தைக் கதிரையில் இருந்தார். ஓடு விழுந்து வலது கை முறிந்துவிட்டதாம். முறிவு வைத்தியர் வைத்துக் கட்டிய கட்டு முழங்கைக்கு மேலே வரை இருந்தது. என்னைக் கண்டதும் "வந்தனீரோ" என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் 'இஞ்சாரும்'தான்.

பெண்கள் வீட்டுச் சேற்றை வாரினோம். மண்வெட்டி போதவில்லை, தகரத் துண்டால் வழித்தோம். வழிக்க வழிக்க வருகிற சேறு அது. மத்தியானம் ஆவதற்குள் என் இடுப்பு கழன்று விழுகிற மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் அயல்வீட்டுக்காரி மேரிஜோசப்பின் மூச்சுவிட முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். "அக்கா, என்ர வீட்டுச் சேறு இன்னும் அப்பிடியே கிடக்கு," என்றாள். நான் என்ன சொல்ல? எல்லாருடைய வீட்டுச் சேறும் அப்படியேதான் கிடந்தது.

பிறகு கிணறு. துலா முறிந்து கிணற்றுக்குள்ளேயே குறுக்காக விழுந்து கிடந்தது. தண்ணீர் கட்டுவரை ஏறிக் கறுத்து நின்றது. அதில் ஊதிப்போன ஆடு ஒன்று. அந்த மணம் இருக்கிறதே, கோதாரி, இரண்டு நாளைக்கு மூக்கை விட்டுப் போகவில்லை. இறைப்பு மெசினுக்கு ஊற்ற மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது? கையால்தான் அள்ள வேண்டும். அவர்களுடைய வாளி துலாவோடு போய்விட்டது. சவிரிமுத்து வள்ளத்தில் இருந்த நைலோன் கயிற்றையும் நாங்கள் இரை போட்டு வைக்கிற நீல வாளியையும் கொண்டுவந்தார். அந்தக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினதும் அவர்தான். ஆட்டைக் கட்டி மேலே அனுப்பினார், மரத்தை அனுப்பினார், ஓலையை அனுப்பினார். பிறகு நாங்கள் வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கைமாற்றி இறைத்தோம்.

ஐயாத்துரையர் குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நின்றார். "அடிமட்டும் இறையாதையுங்கோ, உவர் ஏறிப்போடும்," என்று கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் சொன்னார். தீவில் பிறந்த எவருக்கும் தெரிந்த விசயம் அது. ஆனால் சொல்லிக்கொண்டு நிற்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

தேத்தண்ணீர் வந்தது. வீட்டுக் கோப்பையில் இல்லை. குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்ரிக் கோப்பையில். இந்த வெள்ளத்துக்குள்ளும் அதை எங்கேயோ தேடிப் பிடித்திருக்கிறார்கள். களைப்பில் குடித்துவிட்டேன். குடித்த பிறகுதான் கோபம் வந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஊற்று தெளிந்து வரத் தொடங்கியது. சவிரிமுத்துவைத் தூக்கி எடுத்தோம். உதடு நீலம் பாய்ந்து, பல் கிடுகிடுவென்று அடித்தது. உள்ளங்காலில் கண்ணாடி கிழித்து இரத்தம். நான் என் சேலைத் தலைப்பால் காலைச் சுற்றிக் கட்டினேன். அந்த நேரம் பார்த்து ஐயாத்துரையர் சுவாமியிடம் சொல்கிறார்:

"பெரிய உதவி சுவாமி. இனி ஐயரைக் கூப்பிட்டு ஒரு சுத்தி செய்துபோட்டுப் பாவிக்கலாம்."

எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. "ஆர் பட்ட தீட்டுக்கு அண்ணை சுத்தி? ஆட்டுக்கோ, எங்களுக்கோ?"

 ஐயாத்துரையர் குடையின் கைபிடியைப் பார்த்தார். அன்னபூரணம் அக்கா தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "யூலியானா, போதும்," என்றார் சுவாமி. ஓம், எனக்குத்தான் போதும். எப்போதும் எங்களுக்குத்தான் போதும்.

கயிற்றையும் வாளியையும் கழற்றிக்கொண்டு வரக்கூட எங்களுக்குத் தென்பு இருக்கவில்லை. மனுசனைத் தாங்கிக்கொண்டு பனங்கூடலுக்குள்ளால் நடந்தோம். வீட்டுக்கு வந்து குடிக்க ஒரு சொட்டு நல்ல தண்ணீர் இல்லை. கிடாரத்தில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத்தான் குடித்தோம். அதில் தறப்பாள் மணத்தது. அழுகை வந்தது, அழுதேன்.

சுகாதாரப் பகுதிக்காரர் வந்து கிணற்றுக்கு மருந்து போட்டுவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். ஐயர் வரவில்லை. அவருடைய வீட்டுக்குள்ளும் வெள்ளமாம். மருந்து மணம் போயிருக்கும் என்று நாங்கள் கணக்குப் பார்த்த ஒரு காலை, குடத்தை எடுத்துக்கொண்டேன்.

"அவை சொல்லாமல் எப்பிடி அக்கா?" என்றாள் மேரிஜோசப்பின்.

"சொல்ல மாட்டினம். நான் இண்டைக்கு என்ர கையால அள்ளுறன். ஏலாது எண்டால் இனி அந்தப் படலையே மிதியன், உப்பைக் குடிச்சுச் சாகிறன்."

"நீங்கள் முன்னால போங்கோ. நான் பின்னால வாறன்," என்று சொல்லிவிட்டு அவள் வேலிக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். அவளில் பிழை இல்லை. 

கிணற்றுக் கட்டில் எங்கள் நீல வாளி கயிற்றோடு அப்படியே இருந்தது. அதை ஒருவரும் தொட்டதாகத் தெரியவில்லை. விறாந்தையில் இருந்த ஐயாத்துரையர் என்னைக் கண்டதும் பழக்கத்தில், "கொஞ்சம் பொறும், அவ வருவா," என்றார். முறிந்த கையோடு அவ வந்து எனக்கு அள்ளித் தருவாவாம்! அவருக்கே அது பிறகுதான் விளங்கியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டார்.

நான் பொறுக்கவில்லை. கட்டுக்குக் கிட்டப் போய் வாளியை இறக்கினேன்.  கயிறு எங்கள் வள்ளத்துக் கயிறு, என் கைக்குப் பழகியது. இழுத்தேன். தண்ணீர் வெளிச்சமாக இருந்தது. என் குடத்தில் ஊற்றினேன். இன்னொரு வாளி அள்ளி ஊற்றினேன். 

நிமிர்ந்து பார்த்தால், அன்னபூரணம் அக்கா எனக்கு முன்னால் நிற்கிறார். இடது இடுப்பில் ஒரு பித்தளைக் குடம். உதடெல்லாம் காய்ந்து வெடித்திருந்தது. அவர்களும் இவ்வளவு நாளும் மழைத்தண்ணீர்தான் குடித்திருக்கிறார்கள். ஐயாத்துரையர் தண்ணீர் அள்ளி நான் கண்டதில்லை.

 அக்கா குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். நாங்கள் நிற்கிற இடத்தில்.

நான் அள்ளினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்தேன். வாளியை நெஞ்சுக்கு மேலே தூக்கி, அங்கிருந்து ஊற்றினேன். சளாரென்று பாதி அவருடைய காலில் விழுந்தது. சேலைக்கரை நனைந்து ஒட்டிக்கொண்டது.

"கிட்டப் பிடியும் யூலியானா," என்றார். "தண்ணி வீணாப் போகுது."

என் பெயர் இவருக்குத் தெரிந்திருக்கிறது! இத்தனை காலமும் தெரிந்திருக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது, கோபத்திலா என்னத்திலா தெரியவில்லை.

"எனக்கும் இப்பிடித்தான் அக்கா," என்றேன். "இவ்வளவு காலமும் கால்தான் நனைஞ்சது."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.  பிறகு குனிந்து, நல்ல கையால் குடத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, தொடையில் முட்டுக்கொடுத்துக்கொண்டு என் வாளிக்குக் கிட்டக் கொண்டுவந்தார். இரை வாளியின் விளிம்பில் பித்தளை முட்டியது.

"அன்னம்!" என்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

அக்கா திரும்பவில்லை. "நீங்கள் வந்து அள்ளித் தருவியளோ?" என்று மட்டும் கேட்டார்.

 நான் ஊற்றினேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

வேலிக்கு வெளியில் நின்ற மேரிஜோசப்பினைக் கூப்பிட்டேன். அவள் படலைக்குள் வந்து, ஒருவரையும் பார்க்காமல், தன் குடத்துக்குத் தானே அள்ளினாள். அது முடியக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினேன். சவிரிமுத்துவுக்கு வள்ளம் கட்டக் கயிறு வேண்டும்.

"அது இஞ்ச கிடக்கட்டுமே," என்றார் அன்னபூரணம் அக்கா. "நாளைக்கும் தண்ணி வேணுமெல்லே."

"நாளைக்கு வெள்ளன வருவன். நேரத்துக்கு ஆயத்தமா நில்லுங்கோ. எனக்குக் காத்து நிக்க ஏலாது."

"ஓம், நிக்கிறன்," என்றார்.

கயிற்றை விட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கினேன். வெற்றி, கொண்டாட்டம் என்று ஒன்றும் மனதில் வரவில்லை. கை உளைந்தது, கூரை இன்னும் போடவில்லை, மனுசனின் கால் புண் ஆறவில்லை. பனங்கூடலுக்குள் இரண்டு இடத்தில் குடத்தை இறக்கி வைத்து இளைப்பாற வேண்டியிருந்தது. கழுத்துவரை நிறைந்த குடம் இவ்வளவு பாரம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.