பில் போடும் தேதி

பதினான்காம் தேதி, மதியம் மூன்று மணி. மேசை மேல் வரிசையாக இருந்த பல்செட்டுகள் யாரும் சொல்லாத ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் கையில் அப்பியிருந்த, பல் அச்சு வார்க்கிற மாவைக் கழுவித் துடைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்து, கிரெடிட் கார்டுக்குப் பணம் கட்டினாள்.

எதிர் மேசையில் மெழுகில் ஈறு செதுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அந்தப் பல் லேபில் மெழுகு வேலை முழுக்க அவருடையது. அதனால் எல்லோருக்கும் மெழுகு அண்ணன்.

"பில் வந்துடுச்சா?"

"பதினேழாம் தேதிதான் போடுவாங்க."

"போடாத பில்லுக்கு எதுக்கும்மா பணம் கட்றே?"

"போட்டா பெருசா போடுவாங்க. அதுக்குத்தான்."

அண்ணனுக்குப் புரியவில்லை. அவளுக்கும் முதலில் புரியவில்லைதான். கடைசித் தேதிக்குள் கட்டினால் போதும் என்று ஊரே நம்புகிறது. அபராதம் வராமலிருக்க அது போதும். நல்ல மார்க், அதாவது கிரெடிட் ஸ்கோர், வாங்கப் போதாது. பில் போடும் அன்று கார்டில் எவ்வளவு நிற்கிறதோ, அதைத்தான் வங்கி மார்க் போடுகிறவர்களுக்குச் சொல்கிறது. நிறைய நின்றால் ஆள் தவிக்கிறாள் என்று அர்த்தம். ஒன்றுமே நிற்காவிட்டால் கார்டு தூங்குகிறது என்று அர்த்தம். எனவே பெரும்பகுதியை முன்கூட்டியே கட்டிவிட்டு, ஒரு பொடித்தொகையை விட்டுவைப்பாள். அடுப்பு எரிகிறது, வீடு எரியவில்லை என்று காட்டுவதற்கு. பில் வந்ததும் அந்தப் பொடியையும் கட்டிவிடுவாள். கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமை என்றால் அவளுக்கு வெள்ளிக்கிழமையே கடைசி.

கார்டும் லேசுப்பட்டதல்ல. அவள் பணத்தையே டெபாசிட்டாக வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டு, அந்தத் தைரியத்தில் அவளுக்கே கடன் கொடுக்கிற கார்டு. வேறு கார்டு தர யாரும் தயாராக இல்லை.

"அதாவது, உன் சட்டையை அவன் வாங்கி வெச்சுக்கிட்டு உனக்கே வாடகைக்கு விடறான்," என்றார் மெழுகு அண்ணன். "நீ அதைக் கிழிக்காம போட்டா நல்ல பொண்ணுன்னு சொல்வான்."

"சொல்லட்டுமே. ஒன்றரை வருஷமா கிழிக்காமத்தான் போட்டுட்டிருக்கேன்."

இவ்வளவும் மூலையில் இருந்த உலைக்காக. பீங்கான் பல் சுடுகிற உலை. முதலாளி புதிதாக ஒன்று வாங்கிவிட்டார். பழையதை மாதக் கடைசிவரை அவளுக்காக நிறுத்திவைப்பதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அவள் தனியாகத் தொழில் தொடங்கலாம். அதற்குக் கடன் தர வங்கி அதிகாரியும் ஒப்புக்கொண்டிருந்தார். ஸ்கோர் எழுநூறைத் தாண்ட வேண்டும். அதுவரை வேறு எந்தக் கடனிலும் அவள் பெயர் வரக்கூடாது.

"ஜாமீன்கூடப் போட்டுடாதீங்க மேடம்," என்றிருந்தார். "போட்டா அதையும் உங்க கடனாத்தான் பாப்போம்."

ஸ்கோர் விழுந்த கதை சிறியது. அவளுடைய தம்பி, குழந்தைகள் குதித்து விளையாடும் காற்றுக்கோட்டை ஒன்றை வாங்கி, விழாக்களுக்கு வாடகைக்கு விடுவதாக இருந்தான். அவள் அப்போது வைத்திருந்த கார்டில் வாங்கினான். "நான் பாத்துக்கறேன் அக்கா," என்றான். மூன்றாவது விழாவில் கோட்டை கிழிந்தது. காற்று முதலில் கோட்டையிலிருந்து போயிற்று, பிறகு தம்பியிடமிருந்து. பில்கள் வந்தன. பார்த்துக்கொள்கிறேன் என்றவன் ஒரு பில்லையும் விடாமல் பார்த்தான்.

வசூல்காரர்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மா ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தாள். இவ்வளவு பணம் எங்கே போனது என்று கேட்டாள். "செலவாயிடுச்சும்மா," என்றாள் மகள். மாத்திரையும் தண்ணீருமாகப் பக்கத்தில் நின்ற தம்பி, "விடும்மா, பாவம் அக்கா. தெரியாம பண்ணிட்டா," என்றான். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஊதாரி யார், பொறுப்பான பிள்ளை யார் என்பது முடிவாகிவிட்டது. மகளும் திருத்தவில்லை. முதலில் அம்மாவின் தையல் ஆறட்டும் என்று இருந்தாள். தையல் ஆறியபோது கதை இறுகியிருந்தது. இறுகிய மாவைக் கரைக்க முடியாது, உடைக்கத்தான் முடியும். அது அவளுக்குத் தொழிலிலேயே தெரியும்.

மெழுகு அண்ணன் தன் கைப்பேசியை நீட்டினார். "இதைப் பாத்தியா? உன் தம்பி மாதிரி இருக்கான்."

தம்பியேதான். வீடியோவில் கோட் போட்டிருந்தான். கீழே 'ஸ்கோர் டாக்டர்' என்று ஓடியது.

"என் சொந்த அக்கா, நண்பர்களே. யாரோ ஒருத்தர் அவங்க கார்டை வாங்கி ஏமாத்திட்டாங்க. ஸ்கோர் பாதாளத்துக்குப் போயிடுச்சு. இன்னைக்கு எழுந்து நிக்கறாங்கன்னா, அது என்னோட வழிகாட்டுதல்!"

"அப்படி என்னம்மா வழி காட்டினான்?"

"காட்டினான். அவன் போன வழியை."

அண்ணன் சிரித்ததில் மெழுகு ஈறு கோணிவிட்டது.

இருபத்தேழாம் தேதி சாயங்காலம், பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தபோது ஸ்கோர் வந்தது. எழுநூற்றுப் பதினொன்று. இரண்டு முறை பார்த்தாள். வங்கி அதிகாரிக்கு அனுப்பினாள். நாளைக் காலை வந்து கையெழுத்துப் போடச் சொல்லிப் பதில் வந்தது. இறங்கும் இடத்தைத் தாண்டிப் போய், சிரித்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

வீட்டு வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. உள்ளே தம்பி, ஒரு பை ஆப்பிளோடு. அம்மா டீ போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமாக அவன் ஆப்பிளோடு வருகிறவன் அல்ல.

"வாக்கா, வா! ஏறிடுச்சா?"

"என்னது?"

"ஸ்கோர்தான். பதினேழு பில். அது போய்ச் சேர ஒரு பத்து நாள். கணக்குப் பாத்துத்தானே வந்திருக்கேன்."

அவள் கைப்பையைக் கழற்றாமல் நின்றாள். பணம் கட்ட வேண்டிய ஒரு தேதியைக்கூட வாழ்நாளில் நினைவில் வைத்திராத மனிதன்.

"ஆபீஸ் போடறேன் அக்கா. ஸ்கோர் கிளினிக். இடம் பாத்தாச்சு, போர்டு எழுதியாச்சு. லோன் மட்டும்தான் பாக்கி. ஒரு சின்ன ஜாமீன் கேக்கறாங்க."

"உன் ஸ்கோர் என்ன?"

"அது வேற சப்ஜெக்ட்."

"டாக்டருக்கே உடம்பு சரியில்லையா?"

"பாரும்மா, எப்பப் பாரு குத்தல் பேச்சு."

அம்மா டீயை அவன் பக்கம் நகர்த்தினாள். "ஏண்டி, அவன் காசா கேக்கறான்? ஒரு கையெழுத்து. கைவிரலா தேயப்போகுது?"

"நாளைக்கு என் லோன்ம்மா. ஜாமீன் போட்டா கிடைக்காது."

"உன் லோன் அடுத்த வருஷம் வாங்கிக்கலாம். நீ கண்ணுமண்ணு தெரியாம செலவழிச்சு நின்னப்ப உன்னை விட்டுக்கொடுக்காம பேசினவன் அவன். வீடியோவுலகூட உன் மேல தப்பே சொல்லலியே. யாரோ ஏமாத்திட்டாங்கன்னுதானே சொன்னான். எந்தத் தம்பி சொல்வான்?"

தம்பி அடக்கமாகத் தலையைக் குனிந்து பையிலிருந்து காகிதத்தை எடுத்தான். பேனாவின் மூடியையும் அவனே கழற்றி வைத்தான். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் அழகாக ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். அவன் மூச்சு விடுவது கேட்டது. பேனாவுக்கு மூடியைப் போட்டுக் காகிதத்தின் மேல் வைத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஏண்டா, அந்த யாரோ ஒருத்தர் யாருன்னு அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"