சுண்டுவிரல் வருகை

என் வீட்டுக்காரர் முருகையன் முப்பத்தைந்து வருடமாக வயரிங் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர். இந்தத் தடவை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால், இரண்டு நாள் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். பழைய லைசென்ஸ் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. தவறவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து பரீட்சை எழுதணும். எட்டாம் வகுப்போடு நின்ற மனுஷன், ஐம்பத்தொன்பது வயதில் என்னத்தைப் பரீட்சை எழுதுவார்? ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

புதன்கிழமை காலையில் விபூதி பூசிக்கொண்டு, வகுப்பு நடக்கிற வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறினார். அரை மணி நேரத்தில் போன். பழைய லைசென்ஸை ஃப்ரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அடுப்பை அணைத்துவிட்டு ஆட்டோ பிடித்து ஓடினேன்.

போய்ப் பார்த்தால் ஹால் வாசலில் வரிசை. மேசை மேல் வருகைப் பதிவுக்கு ரேகை வைக்கிற மெஷின். அதற்குப் பின்னால் கவிநிலா என்று ஒரு பெண், வகுப்புக்குப் பொறுப்பானவள். இவர் கட்டைவிரலை வைக்கிறார், சிவப்பு விளக்கு எரிகிறது. வேட்டியில் துடைத்து வைக்கிறார், அப்போதும் சிவப்பு. தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசையோடு வைத்தும் பார்த்தார்.

பின்னால் நின்றவர் இளவரசன். எங்கள் தெருவிலேயே இவருக்குப் போட்டியாகத் தொழில் செய்கிறவர்.

"அண்ணே, வயர உரிச்சி உரிச்சி ரேகையையும் உரிச்சிட்டீங்க. ஜோசியக்காரன்கிட்ட கைய நீட்டினா, எழுந்து ஓடிடுவான்."

இவர் சிரிக்கவில்லை. "கையெழுத்து போட்டுத் தர்றேம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம்.

"கையெழுத்து செல்லாதுங்க சார். காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, ரெண்டு நாளைக்கு நாலு வாட்டி ரேகை விழணும். ஒண்ணு கொறஞ்சாலும் சான்றிதழ் வராது."

இவர் முகம் செத்துப்போய்விட்டது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏங்க, இடது கை சுண்டுவெரல வைங்க."

"நீ வேற ஏண்டி, நடுவுல."

"எனக்கு டைபாய்டு வந்தப்ப ரேஷன் கடைக்குப் போயிட்டு, ரேகை விழாம வெறும் பையோட வந்தீங்க இல்ல? மறுநாள் நானும் கூட வந்து ஒவ்வொரு வெரலா வச்சிப் பார்த்தமே. அது ஒண்ணுதான் விழுந்துது. உங்க கையில வேலைக்குப் போகாத வெரல் அது ஒண்ணுதான்."

மூன்றாவது அழுத்தலில் பச்சை எரிந்தது.

"அண்ணி, போறதுக்கு முன்ன எனக்கும் ஒரு வெரலப் பார்த்துச் சொல்லிட்டுப் போங்க" என்றார் இளவரசன்.

சாயங்காலமும் விழுந்துவிட்டதாம். ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த விரலைப் பச்சைக் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். அதால் ஒரு பொருளையும் தொடவில்லை. மறுநாள் பார்த்தால் பிளாஸ்டிக் கவரை விரலில் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருக்கிறார்.

"இன்னாங்க இது?"

"ஒரு கீறல் பட்டா போச்சு. நீயும் கெளம்பு. நீ இருந்தாத்தான் பச்சை எரியுது."

போனேன். காலையில் கவரைக் கழற்றி வைத்தார், முதல் தடவையே விழுந்தது. உடனே மறுபடியும் கவரைச் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் போனார். நான் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் நாலே முக்காலுக்கு வகுப்பு விட்டார்கள். கவரைக் கழற்றி விரலை வைத்தார். சிவப்பு. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். நாள் முழுக்க வேர்வையில் ஊறி, விரல் ஊறவைத்த வேர்க்கடலை மாதிரி வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"பத்திரமா வைக்கிறேன்னு புழுங்க வச்சி எடுத்துகினு வந்திருக்கீங்களே" என்றேன்.

"அஞ்சு மணியோட இது தானா க்ளோஸ் ஆயிடும் சார்" என்றாள் கவிநிலா. அவளுக்கே முகம் வாடிவிட்டது. "ஃபேன் அடியில கொஞ்சம் காய வைங்க."

ஃபேன் போட்டால், ஆமை மாதிரி சுற்றுகிறது. அந்த ஹாலில் நாற்பது எலெக்ட்ரீஷியன்கள். அத்தனை பேரும் தலையைத் தூக்கி அதைப் பார்த்தார்கள்.

"கண்டென்சர் போயிருக்கு" என்றார் ஒருவர்.

"நேத்தே சொன்னேன், யாரு கேட்டீங்க" என்றார் இன்னொருவர்.

இளவரசன்தான் வகுப்பில் கொடுத்த புத்தகத்தை எடுத்து இவர் விரலுக்கு விசிற ஆரம்பித்தார். "ரெண்டு நாளா இந்த புக்கத் தொறக்கவே இல்ல. இப்பதான் வேலைக்கு ஆவுது. அசைக்காதீங்கண்ணே."

இவர் கை அசையாமலிருக்க நான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். நாலு ஐம்பத்திரண்டுக்கு வைத்தார், சிவப்பு. இன்னும் இரண்டு பேர் விசிறினார்கள். நாலு ஐம்பத்தேழுக்கு நான் என் முந்தானையால் மெதுவாக ஒற்றி, நானே விரலைப் பிடித்து வைத்தேன்.

பச்சை.

இளவரசன் புத்தகத்தை மேசையில் வைத்தார். இவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் கவிநிலா சான்றிதழைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இப்பவே ஆன்லைன்ல ஏத்திட்டேன் சார். நாளைக்கே உங்க லைசென்ஸ் புதுசாயிடும். அடுத்தது அஞ்சு வருஷம் கழிச்சித்தான்."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், வண்டி கிளம்பி இரண்டு நிமிஷத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார். ஒரு வாரமாகச் சரியான தூக்கமில்லாத மனுஷன். எங்கள் ஸ்டாப் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய், அங்கிருந்து சான்றிதழைக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு பேரும் பொறுமையாக நடந்தே வீட்டுக்கு வந்தோம்.